மூன்றுகண் பாலத்துத் துவாரங்கள்

பாலமும் மனுசனும் ஒன்று, குடித்த தண்ணீரை எங்காவது விட்டுத்தான் ஆகவேண்டும் என்பான் நல்லரத்தினம். அடக்கி வைத்தால் வயிறு ஊதிச் செத்துப்போகும் என்பான். அவன் என் தங்கை பாலசுந்தரியின் புருஷன், எனக்கு மச்சான். இருவரும் மேசன்மார். நான் அளப்பேன், அவன் கல் வைப்பான். நான் கத்துவேன், அவன் சிரிப்பான். தேற்றாத்தீவில் இருந்து வாவிக்கரை வயல் வட்டைக்குப் போகிற வழியில் உள்ள மூன்றுகண் பாலத்தைத் திருத்துகிற வேலை, சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து எங்கள் கைக்கு வந்தது. கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த காலம். பாலத்து முனையில் இருந்த ஆமிக்காரரின் காவல் சென்றிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

கடலில் இருந்து வாவிக்குப் போகிற தோணா ஓடைக்குக் குறுக்கே வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பாலம் அது. கம்பி கிடையாது, கொங்கிறீட் கிடையாது. செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வளைத்து வைத்திருக்கிறான். பந்தியில் நெருக்கி உட்கார்ந்த ஆட்களைப் போல ஒரு கல் மற்றக் கல்லை விழவிடாது. வளைவுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் மதில் எழுப்பி, நடுவில் மண் நிரப்பி, அதன் மேல் றோட்டு. மண்ணுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறுவதற்கு மதில்களில் கை நுழையும் அளவுக்குத் துவாரங்கள் விட்டிருந்தான். வெள்ளைக்காரன் எங்களுக்குச் செய்த நல்லதுகளை எண்ண ஒரு கை போதும். அதில் ஒரு விரலை இந்தத் துவாரங்களுக்குக் கொடுக்கலாம்.

அவற்றை அடைத்தது நாங்கள்தான். தொண்ணூறுகளில் வேறொரு றோட்டில் மதகு ஒன்றுக்குள் வைத்த குண்டு வெடித்தது. மதகுக்குப் பக்கத்து ஊர் ஆண்களை ஆமிக்காரர் அள்ளிக்கொண்டு போனார்கள். அள்ளியதில் பாதி திரும்பவில்லை. உடனே எங்கள் ஊர் கண்ணகை அம்மன் கோயிலடியில் கூடியது. நம்முடைய பாலத்துக்குள் யாரும் எதையும் வைத்துவிடக் கூடாது, துவாரம் இருந்தால்தானே வைப்பான் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வீடு சீமெந்து சேர்த்தோம். சாந்து உள்ளே விழாமல் இருக்க யூரியாப் பைகளைச் சுருட்டித் துவாரத்துக்குள் திணித்து, அதன் மேல் அடைத்துப் பூசினோம். பயந்தவன் செய்கிற வேலை எப்போதும் பலமாகத்தான் இருக்கும்.

பிறகு அந்த மார்கழியில் கடல் வந்தது. அதற்கு முன்பே மழை பாலத்தின் வயிற்றை நிரப்பி வைத்திருந்தது. ஊர் முழுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டிப் பாலத்தை நோக்கி ஓடியது. பாலசுந்தரி தன் மகள் துசாந்தினியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த பிள்ளை. தோணாவுக்குள்ளால் வந்த அலை கீழே இடித்தது. ஊறி ஊதி நின்ற தெற்கு மதில் ஆட்களோடு வெளியே சரிந்தது. பிள்ளையின் கை தாயின் கைக்குள்தான் இருந்தது. மதில் போனபோது அதுவும் போய்விட்டது.

தண்ணீர் வடிந்தபின் நல்லரத்தினம் இடிபாட்டைக் கிளறினான். மதில் துண்டு துண்டாகக் கிடந்தது. நாங்கள் அடைத்த அடைப்பு மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாகக் கிடந்தது. அதை எனக்குத் தூக்கிக் காட்டினான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதனால் பாலத்து வேலை வந்தபோது அவனுக்கு அது வேலையாகத் தெரியவில்லை. "திரும்பக் கடல் வந்தா புள்ளைகள் ஓட ஒரு பாலம் வேணும் மச்சான்," என்றான், அவ்வளவுதான். கல்லடியில் இருந்து வருகிற இஞ்சினியர் பிள்ளை யசோதினி சொன்னபடி, வளைவில் வெடித்த கற்களைக் கழற்றிப் புதுக் கல் வைத்தோம். கல்லிடுக்குகளைப் பழையபடி சுண்ணாம்புச் சாந்தாலேயே நிரப்பினோம். தெற்கு மதிலைத் துவாரம் விட்டுப் புதிதாகக் கட்டினோம். மேலே கொங்கிறீட் போட்டுத் தார் பூசினோம். இனி ஒரு சொட்டு இறங்காது என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்தேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை, பழைய வடக்கு மதிலில் இருந்த அடைப்புகளை உடைத்துத் திறப்பது.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை அதைத் தொடங்கினோம். தோணாவில் இடுப்பளவுத் தண்ணீர்தான் கிடந்தது. நல்லரத்தினம் பலகையில் ஏறி நின்று அலவாங்கால் முதல் அடைப்பைக் குத்திப் பெயர்த்தான். உள்ளே கையை விட்டு இழுத்தான். யூரியாப் பை வந்தது.

அந்த வாரம்தான் சென்றிக்குப் புது ஆட்கள் மாறி வந்திருந்தார்கள். பழைய ஆட்களுக்கு எங்களைத் தெரியும். புதியவர்கள் கண்டது இதுதான்: பாலத்தடியில் ஒருவன், கையில் இரும்பு, துவாரத்துக்குள்ளே உரப் பை. உரத்தில் குண்டு செய்யலாம் என்பது அந்த நாட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. சீமெந்து எடுக்கப் போன நான் ஓடி வருவதற்குள் அவனை அடித்து, கைகளைப் பின்னால் கட்டி, சென்றி மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார்கள்.

மணல் பறிக்க வந்திருந்த முஸ்லிம் ட்ரக்டர்க்காரர், நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்கிற ஆதம்பாவாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு சென்றி அதிகாரியிடம் போனேன். இளம் வயதுக்காரர். கத்தவில்லை. கத்துகிறவனிடம் காலில் விழலாம், கத்தாதவனிடம் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இஞ்சினியரின் கடிதத்தைக் காட்டினேன். கடிதம் யாரும் எழுதலாம் என்றார். யசோதினி கொழும்புக்குப் போயிருந்தாள், போன் எடுபடவில்லை. தெற்கு மதில் துவாரங்களைக் காட்டினேன். அதையும் நீதானே கட்டினாய் என்றார்.

"என்னத்துக்கு ஓட்டை எண்டு கேக்கிறார் தம்பி," என்றார் ஆதம்பாவா.

"தண்ணி போக காக்கா. மழைத் தண்ணி போகத்தான் எண்டு சொல்லுங்க."

அதிகாரி கரையில் குனிந்து துவாரத்தைப் பார்த்தார். உள்ளே மண் சாம்பலாகக் காய்ந்து கிடந்தது. வைகாசிக்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு தூறல் விழவில்லை.

"தண்ணி எங்க எண்டு கேக்கிறார்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். ஆதம்பாவா காக்கா என் முகத்தைப் பார்க்காமல் அதைத் தமிழில் சொன்னார். "பின்னேரம் பெரிய முகாமுக்கு ட்ரக் போகுதாம். அது வெளிக்கிட முதல் இந்த ஓட்டையால தண்ணி வந்தா ஆள விடுறாராம். வராட்டி ஏத்துறாராம்."

அந்த ட்ரக்கில் ஏறினவர்கள் இறங்கி வந்ததை எங்கள் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

பாலசுந்தரி குடத்தோடு வந்தாள். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. தலையில் அடித்துக்கொள்வாள், காலில் விழுவாள் என்று பயந்திருந்தேன். அவள் மண்மூட்டைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். அவனுடைய உதடு வெடித்து நெஞ்செல்லாம் இரத்தம்.

"எவடத்த ஊத்தோணும் அண்ணன்?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்களும் குடங்களோடு வந்தார்கள். வைகாசியில் கண்ணகைக்குக் குளிர்த்தி பாடும்போது நிற்கிற அதே பெண்கள். அம்மன் குளிர்ந்தால் ஊர் குளிரும் என்பார்கள். அன்றைக்குப் பாலம் குளிர வேண்டியிருந்தது. யாரோ வட்டையில் இருந்து தண்ணீர் பம்பைத் தூக்கிவந்தார்கள். மெசினைச் சோதிக்காமல் கிட்ட விட ஏலாது, சோதிக்கிறவன் நாளைக்குத்தான் வருவான் என்று சென்றியில் திருப்பிவிட்டார்கள். குடம்தான் கதி. தோணாவில் இறங்கி அள்ளி, கரையேறி, றோட்டில் ஊற்றினோம்.

ஊற்றிய தண்ணீர் தாரில் விழுந்து உருண்டு, இரண்டு ஓரத்தாலும் வழிந்து திரும்பத் தோணாவுக்கே போனது. வெயில் உச்சிக்கு வரும்வரை ஊற்றினோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் அடித்த பெருமை அப்படியே பலித்தது. என் வாயையும் என் கையையும் அன்றைக்குச் சபித்ததுபோல நான் எதையும் சபித்ததில்லை.

அலவாங்கை எடுத்துக்கொண்டு அந்தத் துவாரத்துக்கு நேர் மேலே போய் நின்றேன். உடைக்க விடுவாரா என்று ஆதம்பாவா அதிகாரியிடம் கேட்டார். உங்கள் பாலம்தானே என்று அவர் கையை விரித்தார். நான் அலவாங்கை ஓங்கியபோது மண்மூட்டைப் பக்கம் இருந்து குரல் வந்தது.

"உடைக்காதீங்க மச்சான். மழை இறங்கிரும். உடைக்காதீங்க."

பக்கத்தில் காவல் நின்றவன் துவக்கைத் திருப்பிப் பிடியால் அவன் தோளில் போட்டான். அவன் சரிந்து விழுந்தும் தலையை ஆட்டிக்கொண்டே கிடந்தான். நான் பாலசுந்தரியைப் பார்த்தேன்.

"அவர்ர கதையக் கேளாதீங்க அண்ணன். உடையுங்க," என்றாள்.

உடைத்தேன். நன்றாக இறுகிய கொங்கிறீட் லேசில் உடையுமா? தண்ணீர் ஊற்றி ஊற்றி நாங்களே இறுக வைத்தது. உள்ளங்கை கிழிந்து அலவாங்கு வழுக்கியது. கடைசியில் ஒரு குழி விழுந்து மணல் தெரிந்தது. பெண்கள் அதற்குள் குடம் குடமாகக் கவிழ்த்தார்கள். மணல் குடித்துக்கொண்டே இருந்தது. எத்தனை குடம் என்று யாரும் எண்ணவில்லை. மண்ணுக்குப் போதுமென்று சொல்லத் தெரியாது. பெண்கள் சிலர் நடக்க முடியாமல் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பாலசுந்தரி உட்காரவில்லை.

வெயில் சாய்கிற நேரம் தெற்குப் பக்கம் நின்ற பெண் ஒருத்தி தண்ணீர், தண்ணீர் என்று கூவினாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். தெற்கு மதிலில் நாங்கள் புதிதாக விட்ட இரண்டு துவாரங்களாலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்தேன். அவர் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"அவன் கை வச்ச ஓட்டை மற்றப் பக்கமாம்," என்றார் ஆதம்பாவா. "அதாலதான் வரோணுமாம்."

அப்போது வட்டைப் பக்கத்து றோட்டில் புழுதி எழும்பியது. ட்ரக் வந்துகொண்டிருந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். எங்களுக்கு அன்று ஒரு சாண் வெள்ளம் இல்லாமல் தலை போகப் பார்த்தது. பாலசுந்தரிதான் தெற்குப் பக்கம் தோணாவுக்குள் குதித்தாள். சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுருட்டி ஒரு துவாரத்துக்குள் திணித்தாள். மற்றதுக்குத் துணி போதவில்லை. கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடைத்துக்கொண்டு, கன்னத்தை மதிலில் வைத்து அழுத்தியபடி நின்றாள்.

"இனி அங்கால போகும். ஊத்தச் சொல்லுங்க," என்றாள்.

நான் வடக்குப் பக்கம் ஓடி, பலகையில் ஏறி, துவாரத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். மேலே குடங்கள் கவிழ்கிற சத்தம். ட்ரக் வந்து நின்ற சத்தம். சாரதி இறங்கித் தேத்தண்ணி கேட்டது எனக்குக் கேட்டது. அந்தத் தேத்தண்ணி ஆறக் கூடாது என்று கண்ணகை அம்மனை வேண்டினேன். வேறு எதையும் வேண்டுகிற நிலையில் நான் இல்லை. நல்லரத்தினத்தை எழுப்பி நிறுத்தினார்கள்.

துவாரத்தின் மண் கறுத்தது. கறுப்புப் பெருகி விளிம்புக்கு வந்தது. ஒரு சொட்டு நின்று, தயங்கி, என் தாடையில் விழுந்தது. அதன் பின்னாலேயே மண்ணும் சுண்ணாம்புமாகக் கலங்கல் தண்ணீர் என் வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும் அடித்தது. நான் கத்தியது வட்டை முழுக்கக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அதிகாரி வந்து அந்தத் தண்ணீரில் உள்ளங்கையை வைத்தார். விரலால் தேய்த்து மணந்து பார்த்தார். பிறகு திரும்பி ஒரு சொல் சொன்னார். நல்லரத்தினத்தின் கைக்கட்டை அறுத்துவிட்டார்கள். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதை நான் மறைக்கக் கூடாது.

ட்ரக் வெறுமையாகப் புறப்பட்டுப் போனது. நான் அலவாங்கையும் சாந்து குழைக்கிற தாச்சிகளையும் பொறுக்கத் தொடங்கினேன். அதிகாரி திரும்பவும் வந்தார். இந்தமுறை அவர் சொன்னது கொஞ்சம்தான்.

"எல்லா ஓட்டையையும் அடைக்கட்டுமாம். ரெண்டு பக்கமும். இப்பவே, அவர்ர கண்ணுக்கு முன்னால," என்றார் ஆதம்பாவா. "தண்ணி வாற ஓட்டைக்குள்ள வேற சாமானும் போகும் எண்டு சொல்றார்."

"காக்கா, மேல உடைச்சிக் கிடக்கு. கீழ அடைச்சா தண்ணி எங்க போற? மதில் நிக்காது. இவருக்கு விசரா எண்டு கேளுங்க."

"இத நான் சொல்ல மாட்டன். வாய மூடு தம்பி. ஆள் கையில கிடைச்சிட்டான், கூட்டிக்கொண்டு போற வழியப் பாரு."

மேலே உடைத்ததைத் திரும்பப் பூசலாமே என்று நீங்கள் நினைக்கலாம். பூசலாம். ஒட்டுப் போட்டது ஒட்டுத்தான். நான் எவ்வளவு நுணுக்கமாகப் பூசினாலும் மழை அந்த விளிம்பைக் கண்டுபிடித்துவிடும். பழைய பாலத்திலாவது மழை றோட்டால் ஊறி ஊறித்தான் இறங்கியது. இதற்கு மேலே நாங்களே வாயையும் வெட்டிக் கொடுத்திருந்தோம்.

நல்லரத்தினம் வீங்கிய கையால் தாச்சியை இழுத்து மணலைக் கொட்டினான். தண்ணீர் விட்டான். சீமெந்துப் பைக்குள் கையை விட்டு, ஒரு பிடியை மேலே தூவிக் கிளறினான். நிறத்துக்கு மட்டும். எனக்குப் புரிந்தது. அது கலவை இல்லை, சாம்பல் நிற மணல். காய்ந்தால் அடைப்புப் போல இருக்கும். முதல் வெள்ளம் உள்ளே நிரம்பியதும் தானாகப் பிதுங்கி விழுந்துவிடும். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் மச்சானை எண்ணி அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அந்தப் பெருமையில் இடி விழ.

ஆனால் பாலசுந்தரி மேசனின் தங்கை, மேசனின் பெண்சாதி. எங்கள் இருவருக்கும் வருடக்கணக்காகக் கலவை குழைத்துக் கொடுத்தவள். ஈரச் சேலையோடு வந்து தாச்சிக்கு முன்னால் குந்தினாள்.

"இது என்ன கலவை?"

"அடைக்க இது காணும்," என்றான் அவன்.

"கம்பியால குத்திப் பாப்பானுகள். உதிர்ந்தா?"

அவன் நிமிர்ந்தான். சென்றிக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னான். "புள்ள போனது இந்த அடைப்பாலதான். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் அவள்.

தாச்சியைத் தூக்கித் தோணாவில் கவிழ்த்தாள். சீமெந்துப் பையைச் சரித்துப் பாதிக்குப் பாதி கொட்டி, சிறிதாகத் தண்ணீர் விட்டுத் தானே குழைத்தாள். சாந்தகப்பையை நீட்டினேன், வாங்கவில்லை. கையாலேயே அள்ளி, துவாரத்துக்குள் முழங்கை வரை விட்டு, முட்டியால் குத்திக் குத்தி நிரப்பினாள். துசாந்தினியைப் பிடித்திருந்த கை அதுதான். நல்லரத்தினம் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை.

"பாலம் விழுந்தா விழட்டும். ஊர் போனாப் போகட்டும். நீங்க அந்த ட்ரக்கில ஏறக் கூடாது. எனக்கு வேற ஒருத்தரும் இல்ல," என்றாள்.

வடக்கை முடித்துத் தெற்குக்குப் போனாள். அங்கே ஒரு துவாரத்தில் அவளுடைய சேலைத் துணி அப்படியே இருந்தது. அதை எடுக்கவில்லை, அதன் மேலேயே அடைத்தாள். சென்றிக்காரன் ஒருவன் இறங்கி வந்து துவக்குக் குழல் துடைக்கிற கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தான். ஒன்றும் உதிரவில்லை. இத்தனை வருடத் தொழிலில் அதைவிட நல்ல அடைப்பை நான் பார்த்ததில்லை.

போகச் சொன்னார்கள். வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். நல்லரத்தினம் பாலத்தில் ஏறவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோணாவில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீருக்குள்ளால் நடந்தான். பாலசுந்தரியும் அவனுக்குப் பின்னால் இறங்கினாள். நான் தாச்சிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, உடைத்த குழியைச் சுற்றிப் பாலத்தால் போனேன். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.